உரிமையாளர் நாற்காலி

உள்ளே விசில் ஊதியது.

அவர் ஸ்டேடியத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். பின்னால் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. தலையைத் திருப்பினால் களத்தில் ஒரு மூலை தெரியும்.

திருப்பவில்லை.

உள்ளே ஆடுவது அவருடைய கபடி அணி. இறுதிப் போட்டி. அணியின் முதலாளி வாகனங்கள் நிற்கும் இடத்தில் சுக்கு காபி குடித்துக்கொண்டிருந்தார். இது நான்காவது டம்ளர்.

தானாக வந்து நிற்கவில்லை. நிற்க வைத்தார்கள்.

சீசன் முழுக்க இதே மதுரை ஸ்டேடியம்தான். முதல் இரண்டு ஆட்டங்களை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். இரண்டும் தோல்வி. மூன்றாவது அன்று விமானம் தாமதம். அணி ஜெயித்தது. நான்காவதற்கு ஓடோடி வந்தார். தோல்வி. ஐந்தாவது அன்று அவருக்குக் காய்ச்சல். பதினெட்டுப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.

மறுநாள் பயிற்சியாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். சோபா நுனியில் உட்கார்ந்து வெகுநேரம் காலநிலையைப் பற்றிப் பேசினார். பிறகு மெல்ல ஆரம்பித்தார்.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க சார். தப்பா எடுத்துக்காதீங்க."

ஐந்து ஆட்டத்தை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. அது அவருக்குத் தெரியும். ஆபீஸில் யாராவது இப்படி ஒரு காரணத்தோடு வந்திருந்தால் வந்த வழியே அனுப்பியிருப்பார்.

அன்று தலையாட்டினார்.

இதை அவர் முன்பே கேட்டிருக்கிறார்.

பெரிய இடங்களில் முதலீடு திரட்டி, தள்ளாடும் கம்பெனிகளை வாங்கி, நிமிர்த்தி, விற்றுவிடுவது அவர் தொழில். இருபத்திரண்டு வருடம். நிமிர்த்துவது என்றால் பெரும்பாலும் ஆள் குறைப்பதுதான். அவர் ஓர் ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனால் அடுத்த வாரம் யாருக்காவது சீட்டு கிழியும். ஓசூரில் ஒரு பிஸ்கட் கம்பெனி. அவர் நடந்து வர வர, வேலை செய்த பெண்கள் வரிசையாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தாள் கண்ணுல பட்டுடாதடி என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது.

அணிகளை வாங்கியதே அதற்குப் பிறகுதான். முதலில் வாலிபால், அப்புறம் கபடி. தான் பார்க்கும்போது யாராவது சந்தோஷமாக ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவ்வளவுதான்.

கபடியில் நடந்தது காதுக்கு எட்டியதும் வாலிபால்காரர்களும், நீங்க எதுக்கு சார் அலையணும் என்று சொல்லிவிட்டார்கள்.

வெளியே நின்றார்.

ஒன்பது ஆட்டம். ஒன்பதும் வெற்றி. சத்தத்தை வைத்தே ஆட்டம் பார்க்கப் பழகிக்கொண்டார். மூச்சைப் பிடித்த அமைதி என்றால் ஆள் உள்ளே போயிருக்கிறான். தொம்மென்று விழும் சத்தம் என்றால் பிடித்துவிட்டார்கள். ஜெயித்த ஒவ்வொரு நாளும் வீரர்கள் ஓடிவந்து அவர் கையைக் குலுக்கினார்கள். ஒவ்வொரு முறையும் அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

அப்படியானால் உண்மைதானா?

கடைசி விசில் நீளமாக ஊதியது.

மேளம் வெடித்தது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். எதிரணி ஆட்கள் கொண்டுவந்த மேளம்.

தோற்றுவிட்டார்கள்.

அவர் வெளியேதான் இருந்தார். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. ஆனாலும் தோற்றுவிட்டார்கள்.

காபி வண்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்தது. வெட்கமாகவும் இருந்தது. உள்ளே பிள்ளைகள் அழுதுகொண்டிருப்பார்கள். இங்கே இவருக்குத் தலைச்சுமையை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது. கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். சிரிப்பு போகவில்லை.

பரிசளிப்பெல்லாம் முடிந்த பிறகு கேப்டன் சுடலைமணி நொண்டிக்கொண்டு வந்தான். கண் சிவந்திருந்தது.

"நீங்க உள்ள வந்தியளா சார்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் காபிக்காரப் பெண் முந்திக்கொண்டாள்.

"இங்கனயேதேன் நின்டாரு. ஒருக்காகூட அங்கிட்டுத் திரும்பல. பாவம்ப்பா அந்த மனுசன்."

சுடலைமணி அவரைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"அப்ப நாங்கதான் சார் தோத்துட்டோம்."

கைகொடுத்து அவரை எழுப்பினான். உள்ளே கூட்டிக்கொண்டு போனான்.

இருக்கைகள் காலியாகியிருந்தன. முன்வரிசை நடுவில், உரிமையாளர் என்று எழுதி ஒட்டிய நாற்காலி. அதன் கைப்பிடியில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தது. பழம் காய்ந்து கறுத்துப்போயிருந்தது.

அவர் அதைப் பார்த்தார்.

"நான்தான் கெட்டுனேன்."

முடிச்சு இறுகியிருந்தது. சுடலைமணி குனிந்து பல்லால் கடித்து அறுத்தான். பழத்தைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியை உள்ளங்கையால் துடைத்தான்.

அவர் உட்கார்ந்தார்.

களத்தில் இரண்டு பேர் விரிப்புகளைக் கழற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஓரத்து விரிப்புகள் மட்டும் போயிருந்தன.

"ஒரே ஒரு தடவை கபடி பாடிப் போய்ட்டு வர்றியாப்பா? கால் வலிச்சா வேண்டாம்."

சுடலைமணி இறங்கினான். வேலையாட்கள் ஒதுங்கி நின்றார்கள். குனிந்து நடுக்கோட்டைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டான். கபடி கபடி என்று மூச்சைப் பிடித்தபடி, ஆளில்லாத எதிர்ப்பக்கத்துக்குள் நுழைந்தான்.

அவர் கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

நொண்டிக்கொண்டே கடைசிவரை போனான். திரும்பினான். நடுக்கோட்டைத் தாண்டி வந்து நின்று மூச்சு விட்டான்.

ஒன்றும் ஆகவில்லை.