பார்வையாளர் மாடத்தில் ஒருவர்

பேச எழுந்தவள் மேலே பார்த்தாள்.

பார்வையாளர் மாடத்தின் இரண்டாவது வரிசையில் அவளுடைய கணவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

தலை இடது தோளில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

பகல் பன்னிரண்டரை மணி. மக்களவையில் சாலைப் போக்குவரத்து மசோதா. அவள் கொண்டுவந்த ஒரே ஒரு திருத்தத்துக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்.

அவள் பேசத் தொடங்கினாள்.

வண்டி ஓட்டும்போது கண் அயர்ந்தால் தண்டனை என்று மசோதா சொல்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தினாலும் தண்டனை என்கிறது. அப்படியானால் ஓட்டுநர் எங்கே போய்த் தூங்குவார்? எண்பது கிலோமீட்டருக்கு ஓர் இடம் வேண்டும். நிழல், தண்ணீர், கழிப்பறை, படுக்க ஒரு கட்டில். சட்டத்திலேயே அதை எழுத வேண்டும்.

அவள் கணவர் காளியண்ணன் முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டியவர். நாமக்கல்லில் ஏற்றிய சரக்கைக் குவாஹாட்டியில் இறக்குவார். தூக்கம் வந்தால் பச்சை மிளகாயைக் கடிப்பார். அதற்கும் அடங்காவிட்டால் கண்ணுக்குக் கீழே தைலம்.

வீட்டுக்கு வந்து படுத்தாலும் தூக்கம் பிடிக்காது. பாதித் தூக்கத்தில் வலது கால் பாயை மிதிக்கும்.

பிரேக்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் இப்படி அயர்ந்து தூங்கி அவள் பார்த்ததில்லை.

மாடத்தில் சீருடைக் காவலர் ஒருவர் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அங்கே யாரும் தூங்கக் கூடாது. விதி.

காவலரின் கை காளியண்ணனின் தோளை நோக்கி நீண்டது.

அவள் பேச்சு நின்றுபோனது.

உள்ளங்கையை லேசாக உயர்த்தினாள். பக்கத்தில் இருந்தவர்கள் அது பேச்சின் பாவனை என்று நினைத்திருப்பார்கள்.

காவலர் கீழே பார்த்தார். அவளைப் பார்த்தார். தூங்குகிறவரைப் பார்த்தார்.

பிறகு, பின்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்த ஒருவரைச் சரியாக உட்காரச் சொல்லப் போய்விட்டார்.

அவள் மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு, குரலைத் தணித்துப் பேசினாள். தொட்டிலின் பக்கத்தில் நின்று பேசுகிறவளைப் போல.

அவைத்தலைவர் குறுக்கிட்டார். உறுப்பினர் நல்லம்மாள் உரக்கப் பேச வேண்டும், மொழிபெயர்ப்பாளருக்குக் கேட்கவில்லை என்றார்.

அவள் தலையசைத்தாள். அதே குரலில் தொடர்ந்தாள்.

அமைச்சர் இனிமையாகப் பதில் சொன்னார். நல்ல யோசனை, விதிகள் எழுதும்போது பரிசீலிக்கலாம், உறுப்பினர் திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

பேசிவிட்டுத் திரும்பப் பெற்றுவிட வேண்டும் என்று காலையிலேயே கட்சியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளும் சரி என்றுதான் சொல்லியிருந்தாள்.

அவள் இன்னொரு முறை மேலே பார்த்தாள், பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள்.

"நான் திரும்பப் பெறவில்லை."

இதையும் தணிந்த குரலில்தான் சொன்னாள். இது மட்டும் எல்லோருக்கும் கேட்டது.

குரல் வாக்கெடுப்பு. ஆம் என்று ஏழெட்டுக் குரல்கள் வந்தன. இல்லை என்று மண்டபமே சொன்னது.

அந்தச் சத்தத்தில் காளியண்ணன் திடுக்கிட்டு விழித்தார். இரண்டு கைகளும் முன்னால் எதையோ பிடிக்கப் போயின.

அவளுடைய கட்சியின் கொறடா அவளைப் பார்க்காமலே வெளியேறினார். நாடாளுமன்றப் போக்குவரத்துக் குழுவில் இனி தனக்கு இடம் இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

மாலை அவளுடைய குடியிருப்பில் காளியண்ணன் தேநீர் போட்டுக்கொண்டு வந்து வைத்தார். முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

"தூங்கிப் போட்டேன் அம்மணி. நீ பேசறதக் கேக்கோணும்னுதான் ரண்டு நாளு ரயில்ல வந்தேன்."

அவள் சிரித்தாள்.

ஜெயித்ததா என்று கேட்டார். இல்லை என்றாள். நம் பக்கம் எத்தனை பேர் என்றார். ஏழெட்டுப் பேர் என்றாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"பரவால்லியே."

நிஜமாகவே சொன்னார்.

அவையில் அவள் பேசியதை மக்களவைச் செயலகத்தில் தட்டச்சு செய்து, பிழை பார்க்க அனுப்பியிருந்தார்கள். காதில் விழாத இடங்களிலெல்லாம் புள்ளி வைத்திருந்தார்கள். மூன்று இடங்கள். உறுப்பினரே நிரப்பிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

அவர் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் இடத்தை அவள் வாசித்துக் காட்டி எழுதினாள். இரண்டாவது இடத்தில் அவர் குறுக்கிட்டு, கயிற்றுக் கட்டிலா என்று கேட்டார். பெஞ்சில் படுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்றார். கயிற்றுக் கட்டில்தான் என்று அவள் எழுதிக் காட்டினாள்.

மூன்றாவது இடத்தில்தான் புள்ளிகள் அதிகம். அமைச்சரின் பதிலுக்கும் அவள் மறுத்ததற்கும் நடுவில், ஒரு வரி முழுக்க.

பேனா அங்கே நின்றது.

"இதுல என்ன சொன்னே?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. உங்களையப் பாத்துட்டு நின்னேன்."

காளியண்ணன் தம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். இரண்டே தம்ளர்கள்தான். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டாள்.