உப்புப் போடாத வாளி

அந்த வாளியில் மட்டும் அவள் உப்புப் போடவில்லை.

பச்சை மிளகாய் இல்லை. இஞ்சி இல்லை. கறிவேப்பிலைகூட இல்லை. வெறும் மோர். வாழை இலையால் மூடி, பந்தல் காலோரம் தள்ளிவைத்தாள்.

"அது யாருக்கும்மா?" என்றான் மகன்.

"பூரணிக்கு."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவன் சட்டைப்பையில் புனேவுக்கு ரயில் டிக்கெட் இருந்தது. நாளைக்குக் கிளம்ப வேண்டும். ஒன்று அவனுக்கு. ஒன்று அவளுக்கு. போய் இறங்கியதும் டாக்டர். என்ன டாக்டர் என்று அவன் சொல்லவில்லை. மருமகள்தான் போனில் உளறிவிட்டாள்.

மூளைக்காம்.

திரும்பி வருவதற்கு டிக்கெட் போடவில்லை என்பதை அவளே பார்த்துக்கொண்டாள்.

முப்பது வருடம் புள்ளியியல் அலுவலகத்தில் இருந்தவள். ஒரு தென்னை மரத்தைக்கூடக் கூட்டி எழுதியதில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் அவள் நாக்குக்கு விடுதலை கிடைத்தது.

இந்தக் கோடை முழுக்க அவளும் தோழிகள் சொர்ணமும் ரஹ்மத்தும் ஊரைத் துவைத்துக் காயப்போட்டார்கள். காலையில் ரதவீதி முனையில் நீர்மோர்ப் பந்தல். மதியத்துக்கு மேல் இலவச டவுன் பஸ். எந்த ஊர் போகிறது என்று பார்ப்பதில்லை. கடைசி நிறுத்தத்தில் இறங்கி, டீ, வடை, அரட்டை. திரும்ப அதே பஸ்.

சாயங்காலம் மகனிடம் போனில் சொல்லும்போது அது உலகச் சுற்றுப்பயணம் ஆகிவிடும்.

டிரைவர் டீ குடிக்கப் போன நேரம், அவள் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஹாரனை அமுக்கினாள். போனில் பைபாஸ் வரைக்கும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போனாள்.

வாய்க்காலில் கால் நனைத்தார்கள். போனில் வெள்ளம் ரஹ்மத்தை உருட்டிக்கொண்டு போனது. முந்தானையைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தவள் யார்? இவள்தான்.

அதுவரை அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

போன் கதைக்குள் பூரணி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

கோயில் யானை. ஆற்றில் குளித்துவிட்டுத் திரும்பும்போது பந்தலில் நிற்கும். வாளிக்குள் தும்பிக்கையை விடும். ஒரே உறிஞ்சு. பிறகு அவள் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகும்.

"நேத்து உப்பு கூடிட்டுன்னு மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா மக்கா. இனிமே அவளுக்குத் தனி வாளி."



அந்த ஒன்றைத்தான் அவள் கூட்டாமல் சொல்லியிருந்தாள்.

இன்று விடிந்ததும் வாசலில் வந்து நின்றான். வந்ததிலிருந்து, "இன்னைக்கு என்ன கிழமைம்மா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டான். மூன்றாம் தடவை அவள் திதி, நட்சத்திரம், ராகுகாலம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னாள்.

அவன் இன்னும் பயந்துபோனான்.

சொர்ணத்தைச் சாட்சிக்கு இழுத்தாள். "ஏட்டி, நீயாவது சொல்லேன்."

"நெசந்தான் ஆவுடை," என்று அவனைப் பார்த்துச் சொன்னாள் சொர்ணம். "நேத்து ரெண்டு ஆனை வந்துச்சு."

"மூணு," என்றாள் ரஹ்மத்.

பாவிகள்.

வெயில் ஏறியது. வரிசை நீண்டது. பந்தலில் யாரும் சும்மா நிற்கக் கூடாது. அது சொர்ணத்தின் சட்டம். அவன் தோளில் ஒரு துண்டு விழுந்தது. கையில் ஒரு குவளை ஏறியது. அவனும் ஊற்றினான். சிந்தாமல், முகம் பார்த்து, நன்றாகவே ஊற்றினான். அவள் கண்ணே பட்டுவிடும்போல இருந்தது.

பூரணி வருகிற நேரம் வந்தது.

போனது.

அண்டா காலி. வியர்த்து விறுவிறுத்து ஒரு இளநீர் வண்டிக்காரர் வந்து நின்றார். அவன் வாழை இலையை விலக்கப் போனான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அது ஆளுக்கு இல்ல, மக்கா."

தனக்கென்று எடுத்துவைத்திருந்த செம்பை வண்டிக்காரரிடம் நீட்டினாள்.

அவன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான். துண்டை மடித்துவைத்தான். வெயிலுக்குள் இறங்கி, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனை எடுத்தான்.

தாழ்ந்த குரல்தான். அவள் காதுக்கு அதுவே போதும்.

"ஆமா... நெனச்சதவிட மோசமாத்தான் இருக்கு. இல்ல, இனிமே தனியா விட முடியாது."

சொர்ணத்தின் முகம் செத்துவிட்டது. ரஹ்மத் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவள் தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணிச் சத்தம் முதலில் மெல்லத்தான் கேட்டது.

வரிசை தானாகச் சுவரோரம் ஒதுங்கியது. சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி நின்றார்கள்.

அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். குனிந்து வாழை இலையை எடுத்தாள்.

வெயிலில் நின்றவன்மேல் நிழல் விழுந்தது. தலை, தோள், முதுகு, நின்ற இடம், பக்கத்து இடம்.

அவன் பேச்சு நின்றது.

"ஏல ஆவுடை," என்றாள் அவள். "இன்னைக்கு என்ன கிழமை?"