எறும்புக்கு வைத்த சாக்லேட்

சர்க்கரை வியாதிக்காரப் புருஷனின் கைக்கெட்டுகிற தூரத்தில் சாக்லேட்டை வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவளை என்னவென்று சொல்வது?

அண்ணனைப் பார்க்க முந்தின நாள்தான் வந்திருந்த தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணி, அது யாருக்கு?"

"உங்க அண்ணனுக்குத்தான்." அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டே, ஜன்னலோரம் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த தட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். "நீ ஒண்ணும் சொல்லாதே. எடுத்தும் கொடுக்காதே. பஸ் வந்துடும், சாயங்காலம் விவரமா சொல்றேன்."

வாசல்வரை போய்த் திரும்பினாள். "ஏங்க, போயிட்டு வரேன்."

"ம்" என்றார் அண்ணன்.

இன்னும் ஏதோ வரும் என்பதுபோல அண்ணி கொஞ்சம் நின்றாள். அப்புறம் கண்ணாடிக் கடை வேலைக்கு ஓடினாள்.

தங்கை கட்டுப்பாட்டுக்குப் பேர்போனவள். காபியில் சர்க்கரையை விட்டு வருஷக்கணக்காகிறது. அகப்பட்டவர்களிடமெல்லாம் அதைச் சொல்லாமல் விட்டதில்லை. "எல்லாம் மனசுதான். மனசு வச்சா முடியாதது உண்டா?"

அண்ணன் நேர்மாறு. பஸ் ஓட்டிய காலத்தில் சட்டைப்பை நிறைய மிட்டாய்தான். வீட்டில் அவருக்குப் பட்டப்பெயரே எறும்பு. சின்ன வயசில் அவர் டப்பாவைத் திறந்து திருடுவார், இவள் ஓடிப்போய் அம்மாவிடம் போட்டுக்கொடுப்பாள். அடி அவருக்கு, நல்ல பேர் இவளுக்கு.

மூளையில் ரத்தம் கசிந்து பிழைத்து வந்ததிலிருந்து எறும்பு பரம சாதுவாகிவிட்டது. கை காலில் குறையில்லை. ஆனால் கேட்டால்தான் பேச்சு. கேட்காவிட்டால் நாளெல்லாம் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

"அண்ணா, பசிக்குதா?"

"தெரியல."

"டிவி போடவா?"

"போடு."

"வேண்டாம்னா விட்டுடறேன்."

"விட்டுடு."

எவ்வளவு அடக்கம்! ஞானி மாதிரி ஆகிவிட்டாரே என்று தங்கைக்குப் பெருமையாக இருந்தது. இப்படிப்பட்டவரைக் கெடுக்கவா தட்டில் சாக்லேட்?

மத்தியானம் அதைத் தட்டோடு தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள், குப்பையில் போட.

தாளைப் பிரித்துத்தான் பார்ப்போமே என்று பிரித்தாள். வாசனை மூக்கில் ஏறியது. நல்ல பொருளை வீணாக்குவானேன் என்று ஒரு நியாயமும் வசமாக அகப்பட்டது. அடுத்த நிமிஷம் அது வாய்க்குள் இருந்தது.

திரும்பினால், அண்ணன் நாற்காலியிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கைக்கு முகம் சிவந்துவிட்டது. தாளைக் கைப்பைக்குள் திணித்தாள். காலித் தட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

சாயங்காலம் அண்ணி உள்ளே வந்ததும் முதலில் பார்த்தது அந்தத் தட்டைத்தான்.

"எடுத்துட்டாரா?" தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "நீ கொடுக்கலையே? உண்மையைச் சொல்லு, நீ எடுத்துக் கொடுக்கலையே?"

"நான் கொடுக்கல அண்ணி."

அது என்னவோ உண்மைதான்.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சிரிப்பும் கூடவே வந்தது.

"ஆசையை அடக்கிட்டார்னு எல்லாரும் மெச்சறாங்க. அடக்கறதுக்கு ஆசைன்னு ஒண்ணு இருக்கணுமே! 'எனக்கு வேணும், எழுந்திரு'ன்னு நம்மைக் கிளப்பிவிட மூளைக்குள்ள ஒரு இடம் இருக்காம். அங்கதான் அடி. டாக்டர்தான் சொன்னார், அவருக்கு உசிரா இருந்த எதையாவது பக்கத்துல வைங்க, என்னிக்காவது அவரா கை நீட்டினா அந்த இடம் முழிச்சுக்கிச்சுன்னு அர்த்தம், ஒரு சாக்லேட்டால சர்க்கரை ஒண்ணும் பெரிசா ஏறிடாதுன்னு. தினம் காலைல வைப்பேன். சாயங்காலம் அப்படியே எடுத்து ஃப்ரிட்ஜுக்குள்ள வைப்பேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முன்னெல்லாம் நான் கிளம்பறப்போ 'இன்னிக்கு லீவு போடேன்'னு கையைப் பிடிச்சுப்பார். நேரமாச்சுன்னு எரிஞ்சு விழுவேன். இப்போ அந்தப் பிடிக்கு ஏங்கறேன். நானா கேக்காம அவர் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வந்து மாசக்கணக்காச்சு. இன்னிக்கு சாக்லேட் வேணும்னு தோணியிருக்கு. நாளைக்கு நான் வேணும்னு தோணாதா?"

தங்கைக்கு நாக்கில் மிச்சமிருந்த இனிப்பு கசந்தது.

"அந்தத் தாள் எங்கே?" அண்ணி தரையெல்லாம் தேடினாள். "நான் பத்திரமா வச்சுக்கணும்."

தங்கையால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கைப்பையைத் திறந்தாள். பொய்யான நம்பிக்கையோடு இவளை நாளைக் காலையும் வாசலில் காத்து நிற்க வைப்பதைவிட, இப்போதே நாலு திட்டு வாங்கிக்கொள்வது மேல்.

"அண்ணி, அந்த சாக்லேட்டை..."

"நான்தான் எடுத்தேன்."

குரல் ஜன்னலோரத்திலிருந்து வந்தது. அண்ணன் ஜன்னலைப் பார்க்கவில்லை. அழுதுகொண்டிருந்த அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை யாரும் எதுவும் கேட்கவே இல்லை.