அண்ணன் கொடுத்த தெர்மோ

தங்களுக்கே வாசிக்கத் தெரியாத கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்துக்கொண்ட அந்த விடுதிச் சங்கத்தில், பழைய நோட்ஸைக் கைமாற்றிய காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது சீனியர் தேர்வு எழுதிய நினைவையே ஒரு வில்லையாக ஜூனியரின் காதுக்குப் பின்னால் ஒட்டிவிடுவார்கள். அதற்காகத்தான் தமிழ்க்கோ மொட்டையடித்து, மெஸ் சாம்பாரில் முகம் கழுவிச் சங்கத்தில் சேர்ந்தான். தெர்மோடைனமிக்ஸ் அரியர் இந்த முறையும் ஊத்திக்கொண்டால் ஒரு வருஷம் போய்விடும்.

“தெர்மோல நான் தொண்ணூத்தாறுடா! நம்ம பசங்க எல்லாருக்கும் என்னோடதுதான் ஒட்டியிருக்கேன்,” என்றார் விக்டர் அண்ணன்.

தேர்வறையில் வினாத்தாளைப் பிரித்ததும் வில்லை வேலையைக் காட்டியது. தமிழ்க்கோவின் கழுத்து தானாக இடப்பக்கம் திரும்பியது. கண்கள் பக்கத்து விடைத்தாளைத் தேடின. அங்கே சுவர்தான் இருந்தது. அண்ணன் தொண்ணூற்றாறு வாங்கிய லட்சணம் அப்போதுதான் விளங்கியது.

பல்லைக் கடித்துக்கொண்டு கழுத்தை வலப்பக்கம் இழுத்தான். சங்கத்துப் பயல்கள் அத்தனை பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கண்காணிப்பாளர் பாய்ந்து வந்து அவன் தாளைப் பிடுங்கினார். பதிவெண்கூட எழுதியிருக்கவில்லை.

“எல்லாரும் உன்னைப் பாக்கறானுங்க. நீ எவனைப் பாத்துடா எழுதற?”

கழுத்து மறுபடி திரும்பிக்கொண்டது.

“சுவத்தை சார்.”