அப்பா கேட்ட மிருகங்கள்

"தாயி, அந்த ஆட்டத்துல தேவாங்கு வந்துருச்சா?"

"இன்னும் இல்லப்பா. அடுத்து என்னென்ன மிருகம் சேர்க்கலாம்னு விளையாடுறவங்ககிட்ட கேட்டிருக்காங்க. நீங்க சொல்லுங்க, எழுதி அனுப்புறேன்."

தங்கமுத்து கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தார். சாணார்பட்டி சாலையில், தோட்டத்து மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை அவருடையது. மகள் கௌசல்யா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். கணினியில் மிருகக்காட்சிசாலை கட்டும் விளையாட்டு ஒன்று அவளிடம் உண்டு. தினமும் சாயங்காலம் கடை மூடியதும் அப்பாவுக்கும் மகளுக்கும் அதைப் பற்றித்தான் பேச்சு.

"அப்ப முதல்ல தேவாங்கைப் போடு. நம்ம அய்யலூர்க் காட்டுல கெடக்குதே, அதே மாதிரி ஒல்லிக் கைகாலு, முட்டைக் கண்ணு. ஆளுக கிட்டக்க போனா மரத்தோட மரமா ஒட்டிக்கிடணும்."

"போட்டாச்சு."

"அடுத்து..."

எதிரே உட்கார்ந்திருந்த நசீம் பானு, தான் எழுதிக் கொண்டுவந்த தாளில் இரண்டாவது வரியைத் தொட்டுக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் ஆசிரியை. தங்கமுத்து தாளைப் பார்த்துச் சொன்னார்:

"எறும்புத்தின்னி. அதோட குட்டி ஆத்தாகாரி வாலு மேல ஏறிச் சவாரி போகுமாம். குட்டி இல்லாம வெறும் எறும்புத்தின்னிய மட்டும் விடுறதா இருந்தா வேணாம்னு எழுது."

கௌசல்யா சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடியும் வரை தங்கமுத்து கைபேசிப் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"நீர்நாயும் கேளு தாயி. ஒத்தையில விட்டா வாடிப்போகும். கூட்டமா இருக்கணும்."



"சரிப்பா, கூட்டமாவே கேக்குறேன். இன்னும் ரெண்டு மிருகத்துக்கு இடமிருக்கு. நாளைக்கு யோசிச்சு வைங்க."

பேசி முடித்ததும் நசீம் பானு கேட்டார்: "ஒரு வாரமா எழுதிக் குடுக்குறேன். மிருகம்னா அம்புட்டு இஷ்டமாண்ணே உங்களுக்கு?"

"ஆட்டையும் மாட்டையும் விட்டா எனக்கு என்ன தெரியும் டீச்சர்?" தங்கமுத்து தாளை மடித்தார். "கல்யாணம் முறிஞ்சு அங்க போனதுலருந்து, 'சாப்டேன், நல்லாருக்கேன்'னு சொல்லிட்டுப் போனை வச்சுருவா. ஒரு நாளு ஏதோ ஆட்டம் ஆடுறேன்னா. அதைப் பத்திக் கேட்டதும் அரை மணி நேரம் பேசுனா. அப்படியே புடிச்சுக்கிட்டேன். நாளைக்கு இன்னும் ரெண்டு மிருகத்துப் பேரு எழுதிக் குடுங்க. அவ சிரிக்கிற மாதிரி மிருகமா பாத்து."

அதே நேரம் பெங்களூரில், கௌசல்யாவுடன் அறையில் தங்கியிருக்கும் அம்பிகா அவளை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"புது வேலைக்குச் சேந்தப்பவே அந்த கேமை அழிச்சிட்ட. நாலு மாசமாச்சு. அந்த மனுசன்கிட்ட இன்னும் எதுக்குடி கதை விடுற?"

கௌசல்யா கைபேசியில் நீர்நாய் படங்களைத் தேடிக்கொண்டே சொன்னாள்: "அம்மா போனதுலருந்து அவரு யார்கிட்டயும் வாயே தொறக்கிறதில்லடி. நல்லவேளை, மிருகம்னா அவருக்கு உசுரு."