ஜெர்மனியிலிருந்து நாலாயிரம் பேர்

"ஜெர்மனி எவ்ளோ ரெனிட்டா?"

"நாலாயிரத்துக்கு மேல சார். இந்த ஒரு வாரத்துல மட்டும்."

சத்தியநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆம்பூரில் இருக்கும் தன் தோல் ஃபேக்டரிக்கு அவர் வெப்சைட் வைத்து ஒரு வருடம் ஆகிறது. வாரத்துக்குப் பத்துப் பேர் எட்டிப் பார்த்தால் அதிகம். அதிலும் பாதி அவரேதான்.

"இத்தாலி?"

"கம்மிதான் சார். முந்நூறு."

"இத்தாலி கெடக்கட்டும். ஹாம்பர்க் பார்ட்டி ரெண்டு மாசமா ஆர்டர் குடுக்காம இழுத்தடிக்கிறான். அது வரலன்னா ஃபேக்டரிய மூட வேண்டியதுதான்னு பேஜாரா இருந்தேன். இப்ப பாரு, மொத்த ஜெர்மனியும் நம்மளப் பாக்குது!"

ரெனிட்டா திரையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான். கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்டதோடு சரி, அவளைப் பற்றி அவர் வேறு எதுவும் விசாரித்ததில்லை.

"எந்தப் பக்கத்த ஜாஸ்தி பாக்கறாங்க?"

"எல்லாரும் ஒரே போட்டோவத்தான் சார் பாக்கறாங்க. சுண்ணாம்புக் குழியில ஒருத்தர் நிக்கிறாரே, அது."

"நான் சொன்னேன்ல!" மேசையைத் தட்டினார்.

முழங்கால்வரை சுண்ணாம்புத் தண்ணீர். காலில் பூட்ஸ் இல்லை, கையில் உறை இல்லை. ஈரத் தோலைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் மனிதர். 'பரம்பரைக் கைவேலை' என்று அதன் கீழே பெருமையாகப் போடச் சொன்ன சத்தியநாதன், அந்த மனிதர் யார் என்று மட்டும் கேட்டதே இல்லை.

"வெள்ளக்காரனுக்கு இதான் புடிக்கும். அந்த ஆளக் கூப்புடு, புதுசா நாலு போட்டோ எடுக்கலாம்."

"அவரு இப்ப இல்ல சார்."

"வுட்டுட்டுப் போய்ட்டானா? காண்ட்ராக்ட் ஆளுங்களே இப்படித்தான், நன்றி கெட்டவனுங்க. சரி, இவ்ளோ பேரும் எங்கேர்ந்து நம்ம சைட்டுக்கு வர்றாங்க? கூகுளா?"

"இல்ல சார். எல்லாரும் ஒரே எடத்துலேர்ந்துதான் வர்றாங்க."

மானிட்டரை அவர் பக்கம் திருப்பினாள். ஏதோ ஒரு ஜெர்மன் பத்திரிகையின் பக்கம். அதே போட்டோ. கீழே அவருடைய வெப்சைட் முகவரி.

"மேல இன்னா எழுதியிருக்கு?"

"'உங்கள் ஷூவுக்காகச் செத்தவர்'னு சார். போன டிசம்பர்ல இருதயராஜ் நம்ம கழிவுத் தொட்டிக்குள்ள விஷவாயுல செத்தது, அத ஹார்ட் அட்டாக்னு நீங்க எழுதிக் குடுத்தது, எல்லாம் விவரமா இருக்கு."

சத்தியநாதன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "எவன்... எவன் அவனுங்களுக்கு இதெல்லாம் சொன்னது?"

"நான்தான் சார்" என்றாள் ரெனிட்டா. "போட்டோவுல சிரிக்கிறது எங்கப்பா."