ஒரு கீறல்கூட இல்லை

"உங்க வீடியோவை நம்பித்தான் தம்பி இந்தப் போனை வாங்கினேன்."

மாடிவீட்டு இளைஞன் கேமராவை அணைத்தான். புதுப் போன்களைப் படாதபாடு படுத்தி, எது தாங்கும் என்று வீடியோ போடுவதுதான் அவன் தொழில். வாசலில் கீழ்வீட்டுப் பெயின்டர் நின்றிருந்தார், சட்டையெல்லாம் வெள்ளைத் தூளோடு.

"கார் ஏத்துனீங்க, கத்தியால கீறுனீங்க, பக்கெட் தண்ணியில முக்குனீங்க. அசரவே இல்ல. என்கிட்ட இருபதே நாள்ல உசுரை விட்டுருச்சு."

"கீழே போட்டீங்களாண்ணே?"

"பாக்கெட்லதான் இருந்துச்சு. சுவத்தைத் தேய்ச்ச தூள், சார்ஜ் போடுற ஓட்டையில அடைச்சுக்கிச்சாம். ரிப்பேர் கடைக்காரர் கையை விரிச்சுட்டார்."

அவனுக்குச் சுருக்கென்றது. போன்மேல் யார் கார் ஏற்றுகிறார்கள்? தூசியிலும் வியர்வையிலும்தானே முக்கால்வாசிப் போன் சாகிறது.

உள்ளே போய் ஒரு புதுப் போனை எடுத்து வந்தான்.

"அடுத்து இதைத்தான் சோதிக்கணும். கார், கத்தி எதுவும் வேணாம். ஒரு மாசம் உங்ககூட இருக்கட்டும். உடைஞ்சாலும் பரவாயில்ல."

"என்கிட்டயா? என் கையில பிரஷ்ஷே மூணு மாசம் தாங்காது தம்பி."

"அதனாலதான் தர்றேன்."

சரியாக ஒரு மாதம் கழித்து போன் திரும்பி வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. ஓட்டையில் பொட்டுத் தூசி இல்லை.

"எப்படிண்ணே?"

"கொடுத்த மாதிரியே கொண்டு வந்துட்டேன்ல?" பெயின்டருக்கு அவ்வளவு பெருமை.

அன்றைக்கே வீடியோ போட்டான். 'பெயின்டரிடம் முப்பது நாள்! இதுதான் உண்மையான சோதனை.' மறுநாள் மதியத்துக்குள் ஒரு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். 'நானும் வாங்கப் போகிறேன்' என்று வரிசையாக எழுதித் தள்ளினார்கள்.

சந்தோஷம் தாங்காமல் அந்தப் போனோடு கீழே இறங்கினான். பெயின்டரின் மனைவி கதவைத் திறந்தார்.

"அக்கா, இது இனிமே அண்ணனுக்கே. என்னோட பரிசு."

அவர் முகம் மலர்ந்துபோனது.

"ரொம்ப நல்லதாப் போச்சு தம்பி. அடுத்தவங்க பொருளாச்சே, அழுக்கு படக் கூடாதுன்னு துண்டுல சுத்தி பீரோவுல பூட்டி வெச்சுட்டு, மாசம் பூரா என் போனைத்தான் வேலைக்குத் தூக்கிட்டுப் போனார்!"